நான் கொட்டச் சொன்ன ஃபிளாஸ்க்

பெருங்குடல் புற்றுநோயின் ஸ்டெம் செல்களைக் கீமோவுக்குப் பணிய வைக்க வழி தேடுவது என் ஆய்வு. அந்த ஆய்வில் கண்ணால் கண்ட உண்மை ஒன்றை மறைத்தேன். இதை எழுதாமல் எனக்கு நிம்மதி இல்லை.

1957இல் அறிமுகமான 5-ஃப்ளூரோயூராசில்தான் இந்த நோய்க்கு இன்றும் அடிப்படை மருந்து. டிஎன்ஏ உருவாவதைத் தடுத்து, வேகமாகப் பெருகும் செல்களை அது கொல்கிறது, கட்டி சுருங்குகிறது. பெருகாமல் அடங்கிக் கிடக்கும் சில செல்கள் தப்பிவிடுகின்றன. பின்னாளில் கட்டி மறுபடி தலைதூக்க அவை போதும். 2007இல் டொரண்டோவிலும் ரோமிலும் இரண்டு குழுக்கள், சிடி133 என்ற புரதத்தை அடையாளமாகக் கொண்டு, கட்டியைத் தொடங்கவல்ல செல்களை, அதாவது புற்றுநோயின் ஸ்டெம் செல்களை, பிரித்துக் காட்டின. நானும் அந்த அடையாளத்தையே நம்பி இறங்கினேன்.

கீமோவோடு இன்னொரு மருந்தைச் சேர்த்ததும் சிடி133 உள்ள செல்கள் மளமளவென்று குறைந்தன. ஸ்டெம் செல்கள் பணிந்துவிட்டன என்று கட்டுரை எழுத உட்கார்ந்துவிட்டேன். அப்போது என் மாணவி ஒரு ஃபிளாஸ்க்கைக் கொண்டுவந்தார். மருந்தை நிறுத்திய பிறகும் அதை இன்குபேட்டரிலேயே விட்டுவைத்திருந்தார். சிவப்பாக இருந்த மீடியம் மஞ்சளாகியிருந்தது. செல்கள் பெருகி அமிலம் சேர்ந்ததன் அறிகுறி அது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். திட்டுத் திட்டாகச் செல்கள் முளைத்திருந்தன.

"சார், சிடி133 திரும்ப வந்திருக்கு" என்றார்.

"கிருமி புகுந்திருக்கும், கொட்டிடும்மா" என்றேன்.

கிருமி இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆய்வு மானியத்தைப் புதுப்பிக்க வேண்டிய நேரம். கைக்கு வந்த நல்ல முடிவை இழக்கப் பயந்தேன். கட்டுரையில் அந்த ஃபிளாஸ்க்கைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

2017இல் எலிகளில் நடந்த ஓர் ஆய்வு வெளியானது. எல்ஜிஆர்5 என்ற அடையாளமுள்ள ஸ்டெம் செல்களை அழித்தும் குடலிலிருந்த கட்டி ஒழியவில்லை. அழிப்பதை நிறுத்தியதும், மற்றச் செல்களிலிருந்தே ஸ்டெம் செல்கள் மீண்டும் உருவாயின. நான் கொட்டச் சொன்ன ஃபிளாஸ்க்கிலும் இப்படியொரு விடை இருந்திருக்கலாம். அதைத் தேடும் வாய்ப்பை நானே கெடுத்தேன்.

மாணவியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். கட்டுரைக்குத் திருத்தமும் அனுப்பிவிட்டேன். இளம் ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மருந்தை நிறுத்திய பிறகும் பொறுத்திருந்து பாருங்கள். செத்த செல்களை எண்ணுவதோடு நிற்காமல், மிஞ்சியவை என்ன செய்தன என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். நோயாளிக்குப் புற்றுநோய் திரும்புவது அந்த மிச்சத்திலிருந்துதான்.