திரும்பி வராதவர்கள்

கீல்வாதத்தால் யாரும் செத்துப்போவதில்லை. அந்த வியாதிக்கு வீட்டில் மரியாதை கிடைக்காததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். மார்வலி என்றால் வாசலில் கார் வந்து நிற்கும். முழங்கால் வலி என்றால் தைலப் புட்டிதான் வரும். நாலு படி ஏறிவிட்டுக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நிற்கிறவரைப் பார்த்து, "வயசானால் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு, நாம் முந்திக்கொண்டு மேலே போய்விடுகிறோம்.

உயிரை வாங்காத வியாதி என்பதால் அதற்குரிய ரண சிகிச்சையும் தனி ரகம். குடல்வால் வெடித்துவிட்டால் யோசிக்க நேரமில்லை. மூட்டு அப்படியல்ல. இன்றைக்கே செய்துகொள்ளலாம், தை பிறக்கட்டும் என்று தள்ளிப்போடலாம், செய்துகொள்ளாமலே காலத்தை ஓட்டிவிடலாம். எக்ஸ்ரே படத்தில் மூட்டு தேய்ந்து கிடக்கும், ஆசாமி கடைத்தெருவுக்கு நடந்து போய் வருவார். வேறொருவருக்குப் படத்தில் அவ்வளவாக ஒன்றும் தெரியாது, ராத்திரித் தூக்கம் இராது. வலி ஒன்றுக்காக மட்டும் ஒருவரைக் கத்தியின் கீழ் படுக்கச் சொல்கிற வைத்தியர், மற்ற வைத்தியர்களைவிட அதிகமாகக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் என்பது என் அபிப்பிராயம்.

அப்படிக் கணக்குச் சொன்னவர் ஜான் சார்ன்லி. இங்கிலாந்தில், லங்காஷயரில், ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் இருந்தவர். இன்று உலகமெங்கும் நடக்கும் இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சைக்கு வழி போட்டவர். தொடை எலும்பின் தலையில் சிறிய எஃகு உருண்டை. அது சுழல இடுப்பில் வழுவழுப்பான ஒரு கிண்ணம். இதுதான் அவருடைய யோசனை. கிண்ணத்துக்கு டெஃப்லானைத் தேர்ந்தெடுத்தார். தோசை ஒட்டாமலிருக்கக் கல்லில் பூசுகிறார்களே, அதே வஸ்துதான். ஊன்றுகோலோடு வந்தவர்கள் வலியில்லாமல் நடந்து போனார்கள். ஏறக்குறைய 300 பேருக்குச் செய்தார். இரண்டு மூன்று வருஷங்களில் கிண்ணங்கள் தேயத் தொடங்கின. தேய்ந்த தூள் சதைக்குள் இறங்கிக் கெடுதல் செய்தது. போன வலி திரும்பி வந்தது.

கதை எழுதுகிறவனான எனக்கு அவரைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். அவர் ஓடி ஒளியவில்லை. அவர்களை மறுபடி மேஜையில் கிடத்தித் தாம் வைத்ததைத் தாமே எடுத்தார். சதை அந்த வஸ்துவை என்ன செய்கிறது என்று பார்ப்பதற்காகத் தம் தொடைக்குள்ளேயே அதைப் புகுத்திக்கொண்டார். கண்டதை 1963-ல் 'லான்செட்' பத்திரிகைக்கு எழுதினார்.

மாற்று வந்த விதம் ஒரு வேடிக்கை. 1962 மே மாதத்தில் ஒரு விற்பனையாளர், நெசவு ஆலை யந்திரங்களுக்குப் பல்சக்கரம் செய்கிற பிளாஸ்டிக் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். சார்ன்லி அதில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்து, நேரம்தான் வீண் என்று தள்ளிவிட்டார். அவருடைய பட்டறையில் வேலை பார்த்த ஹாரி கிரேவன் மட்டும், அவர் வெளிநாடு போயிருந்த சமயம், அதைத் தேய்க்கும் யந்திரத்தில் மாட்டி ஓடவிட்டார். டெஃப்லான் ஒரே நாளில் தேய்ந்த அளவுகூட அது மூன்று வாரத்தில் தேயவில்லை! அந்த நவம்பரிலேயே அது மனித உடம்புக்குள் போயிற்று. பாலிதீனில் ஒரு வகை அது. இன்றைய கிண்ணங்களில் பெரும்பாலானவை அதன் வம்சம்தான். பிறகும் சார்ன்லி சும்மா இருக்கவில்லை. இறந்த பிறகு மூட்டை எடுத்துப் பார்க்கத் தம் நோயாளிகளிடம் முன்கூட்டியே சம்மதம் கேட்டு வைத்தார்.

இந்தக் கதையை மயிலாடுதுறையில் இருக்கும் என் அத்தைக்குச் சொன்னேன். எழுபது வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்தவள். கேட்டுவிட்டு, "அந்தப் பட்டறைக்காரனுக்கு ஏதாவது பட்டம் கொடுத்தார்களா?" என்றாள். அத்தைக்குக் கவலை எப்போதும் அந்தப் பக்கம்தான்.

மறு வாரம் ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். துவாரம் போட்டு மூட்டுக்குள் கழுவிவிடலாம் என்றார் அங்கிருந்த டாக்டர். ஹூஸ்டன் நகரத்தில் 180 பேரை வைத்து இதைச் சோதித்து, 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்து அனுப்பினார்கள். நிஜமாகவே கழுவிக்கொண்டவர்களுக்கு அவர்களைவிட வலி குறையவில்லை. இதை நான் சொன்னதும், "அப்படியானால் மூட்டையே மாற்றிவிடலாம்" என்றார்.

"பத்து வருஷத்துக்கு முன்னால் உங்களிடம் மாற்றிக்கொண்டவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள்?" என்று கேட்டாள் அத்தை.

"நன்றாக இருப்பார்கள் அம்மா. அதனால்தானே யாரும் திரும்பி வரவில்லை!"

அத்தை செருப்பை மாட்டிக்கொண்டாள். வெளியே வந்ததும், "ஈயம் பூசினவன் சரியாகப் பூசவில்லை என்றால் நான் அடுத்த தடவை வேறே ஆளிடம் போவேனா, அவனிடமே போவேனா? நீயே சொல்லுப்பா" என்றாள்.

இரண்டாவது டாக்டர் இளைஞர். தம் நோயாளிகளுக்கு வருஷம் ஒரு முறை டெலிபோன் செய்து குறித்து வைக்கிறவர். மறுபடி திறக்க நேர்ந்தவர்களைப் பற்றியும் ஒளிக்காமல் சொன்னார். ஐந்தில் ஒருவருக்கு முழுத் திருப்தி இராது என்றார். 2019-ல் வெளியான ஒரு கணக்கின்படி, நூறு முழங்கால் மாற்று மூட்டுகளில் சுமார் 82, இருபத்தைந்து வருஷம் தாங்குகின்றன என்றும் சொன்னார்.

அத்தை விரல் விட்டு எண்ணினாள். "தொண்ணூற்றைந்து வயசு. போதும்."

"தரையில் சம்மணம் போட்டு உட்காரக் கூடாது. குந்தக் கூடாது."

"கோலம்?"

"குந்திப் போடாதீர்கள்."

"எங்கள் தெருவில் குந்திக்கொண்டு கோலம் போடுகிறவளை நான் பார்த்ததில்லை" என்றாள் அத்தை.

ஆவணியில் நாள் குறித்திருக்கிறது. இடது கால் முதலில்.