அந்தப் பச்சை வெள்ளாமையா?

மாசி மாதம் பெரியப்பாவோடு இடைசெவல் கரிசலில் நடந்தபோதுதான், என் படம் எவ்வளவு தலைகீழாக இருக்கிறது என்று தெரிந்தது. கையில் ஜிபிஎஸ் கருவி, தோள்பையில் ஏ3 தாளில் அச்சிட்ட வரைபடம். புவித் தகவல் முறைமையில் முதுகலை இரண்டாம் ஆண்டு ஆய்வுக்காக, பிப்ரவரி முதல் வாரத்துச் செயற்கைக்கோள் படத்தை வைத்து நிலங்களைப் பிரித்திருந்தேன். பச்சையம் தெரிந்ததெல்லாம் பயிர், மற்றது தரிசு. பெரியப்பா பொழியில் நின்று தாளை இப்படியும் அப்படியும் திருப்பினார். கம்மாய்க்கரை பிடிபட்டதும் அங்கிருந்து விரலை நகர்த்தினார்.

“இது வெள்ளாமை இல்லய்யா, வேலிக்கருவை மண்டிக் கெடக்கு. இத தரிசுன்னு போட்ருக்கியே, பொங்கல் கழிச்சு ரெண்டு நாள்ல உளுந்து பிடுங்குன புஞ்சைல்லா இது.”

குனிந்து பார்த்தேன். செடியைப் பிடுங்கிய சின்னச் சின்னக் குழிகள் வரிசையாக இருந்தன. ஒரு நெற்று வெடித்து, உள்ளே ஒட்டியபடி இரண்டு கறுப்பு மணிகள். மண் அப்போதே வாய் பிளக்கத் தொடங்கியிருந்தது.

நான் பயன்படுத்தியது சென்டினல்-2 படம். அதில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டரை சென்ட். ஒரு ஏக்கருக்கு நாற்பது புள்ளிகள். உயிருள்ள இலை சிவப்பொளியை உறிஞ்சிக்கொண்டு அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து எங்கே பச்சை அதிகம் என்று கணக்கிடுகிறோம். கணக்கில் தவறில்லை. அந்தப் பச்சை யாருடையது என்று அதற்குத் தெரியாது, அவ்வளவுதான்.

கரிசல் மானாவாரி பூமி. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து, வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பயிர் நிற்கும். உளுந்தும் பாசியும் தையில் வீட்டுக்கு வந்துவிடும். பருத்தி இன்னும் சில மாதம் நிற்கும். பயிர் செழித்து நிற்கிற கார்த்திகை மார்கழியில் வானம் முழுக்க மேகம். நான் எடுத்த ஆண்டில் நவம்பர், டிசம்பர் இரண்டு மாதமும் ஒரு தெளிவான படம் கிடைக்கவில்லை. மேகம் விலகி முதல் படம் வந்தபோது காட்டில் உளுந்து இல்லை, வேலிக்கருவை பச்சையாக நின்றது.

எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது அன்றைக்குத்தான். 2016இல் பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் வந்த பிறகு, விதைத்தார்களா, விளைந்ததா, பொய்த்ததா என்று பார்க்கச் செயற்கைக்கோள் படங்களும் பயன்படுகின்றன. மழை ஏமாற்றிய ஒரு வருடத்தில் என் படத்தைப் போல ஒன்று ஏதோ ஒரு மேசைக்குப் போனால், விதைத்து நட்டப்பட்டவன் நிலம் தரிசு, விதைக்காத நிலத்தில் வெள்ளாமை. அந்தத் தாளின் முன்னால் பெரியப்பா என்ன சொல்லி வாதாட முடியும்?

ஆய்வை முதலிலிருந்து செய்தேன். மேகத்தை ஊடுருவும் ராடார் படங்களை சென்டினல்-1இலிருந்து எடுத்தேன். ஒரே நாள் படத்தை நம்பாமல், ஒவ்வொரு நிலமும் வருடம் முழுக்க எப்படி மாறுகிறது என்று ஒரு கோடு வரைந்தேன். உளுந்துப் புஞ்சையின் கோடு ஐப்பசியில் எழுந்து தையில் விழுகிறது. வேலிக்கருவையின் கோடு சித்திரை வெயிலிலும் பெரிதாக இறங்கவில்லை. பெரியப்பா ஒரு பார்வையில் சொன்னதைச் சொல்ல எனக்கு ஏழு மாதம் ஆனது.

நடுவில் இன்னொரு சிக்கல். உலகை 6 டிகிரி பட்டைகளாக வெட்டும் யூடிஎம் முறையில் 78ஆவது தீர்க்கரேகை ஓர் எல்லை. அது கோவில்பட்டிக்குக் கிழக்கே சுமார் 15 கிலோமீட்டரில், எட்டயபுரத்தை ஒட்டிப் போகிறது. இடைசெவல் 43ஆம் பட்டையில், விளாத்திகுளம் 44இல். ஒரே கரிசல், ஒரே மழை. ஆனால் இரண்டு பட்டைப் படங்களையும் மாற்றாமல் சேர்த்தால் ஊர்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப்போய் விழும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் போனது.

அளப்பது நமக்குப் புதிதல்ல. கிண்டி பொறியியல் கல்லூரியே 1794இல் நில அளவைப் பள்ளியாகத்தான் தொடங்கியது. லாம்ப்டன் 1802இல் பரங்கிமலைப் பக்கம் போட்ட அடிக்கோட்டிலிருந்துதான் இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவை வளர்ந்தது. ஊர் ஊராக நிலம் அளந்தவர்கள் 66 அடிச் சங்கிலி பிடித்து, கல் நட்டு, ஒவ்வொரு புலத்துக்கும் எண் கொடுத்தார்கள். ஆனால் இடைசெவலில் யாரும் தன் நிலத்தை எண் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஓடைக்காடு, பனையடிப் புஞ்சை, கிடை போட்ட காடு. ஒவ்வொரு பேரிலும் மண்ணின் குணமோ, நீர் போகும் வழியோ, என்றோ நடந்த ஒரு காரியமோ இருக்கிறது. ஆட்டுக்கிடை போட்டு உரமேறிய காட்டில் கம்பு நன்றாக வரும் என்பது அந்தப் பேரிலேயே இருக்கிற தகவல். இந்த ஊரில் பிறந்த கி. ராஜநாராயணன் கரிசல் சொற்களைத் திரட்டி அகராதியே போட்டார். அதற்கு இணையாக ஓர் அடுக்கு என் வரைபடத்தில் இல்லாதது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

இப்போது கியூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில் பண்புப் பட்டியலைத் திறந்தால், புல எண்ணுக்குப் பக்கத்தில் ‘ஊர்ப் பேர்’ என்று ஒரு பத்தி இருக்கிறது. பெரியப்பா சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தவை முப்பத்தேழு. நான்கு கட்டங்கள் காலி. அந்தப் புஞ்சைக்காரர்கள் திருப்பூருக்குப் போய்ப் பல வருடமாகிறது. நிலத்தில் வேலிக்கருவை நிற்கிறது. பேர் பெரியப்பாவுக்கும் ஞாபகம் வரவில்லை. வைகாசிக் கோயில் கொடைக்கு அவர்கள் ஊருக்கு வருவார்கள் என்றார். போய்க் கேட்க வேண்டும்.