அரைக்கால் வேலிக்காரர்

1980-இல் முகமது அலி மெட்ராஸுக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் காட்சிச் சண்டை போட்டார். எம்.ஜி.ஆரும் அலியும் சேர்ந்து நிற்கும் படத்தைப் பலர் பார்த்திருப்பார்கள். அன்று எதிர்மூலையில் நின்றவர் ஜிம்மி எல்லிஸ். உத்திரமேரூரிலிருந்து பஸ் பிடித்துப் போய்ப் பார்த்த என் மாமாவுக்கு அலியின் காலசைவு இன்னும் மனப்பாடம். "எதிர்ல ஆடுனது யாரு மாமா?" என்றால், "அலி கூட்டியாந்த ஆளு, யாரோ ஒருத்தன்பா" என்பார். அந்த யாரோ ஒருத்தர் 1968 முதல் 1970 வரை உலக ஹெவிவெயிட் சாம்பியன் பட்டத்தை வைத்திருந்தவர். எங்கள் வீட்டுச் சண்டை அங்கேதான் தொடங்கும்.

*

மாமாவின் கட்சி: "காலியா கெடந்த நாற்காலில போயி ஒக்காந்தவன். அதுக்குப் பேரு சாம்பியனா?"

பாதி உண்மை. 1967-இல் வியட்நாம் போருக்குப் போக மறுத்த அலியிடமிருந்து பட்டத்தைப் பிடுங்கினார்கள். உலகக் குத்துச்சண்டைச் சங்கம் எட்டுப் பேரை வைத்துப் போட்டி நடத்தியது. ஜோ ஃப்ரேசியர் அதில் சேரவில்லை. ஆகவே அந்தக் காலத்தின் இரண்டு பெரிய ஆட்களும் இல்லாத போட்டி. ஆனால் நாற்காலி காலியாக இருந்தது என்பதற்காக அதற்குப் போகும் வழியும் காலியாக இருந்தது என்று ஆகிவிடாது.

*

எல்லிஸ் 1940-இல் பிறந்தவர். அலியைப் போலவே லூயிவில்காரர். அமெச்சூர் காலத்தில் இருவரும் இரண்டு முறை மோதி, ஆளுக்கு ஒன்று ஜெயித்தார்கள். தொழில்முறைக்கு வந்தபோது எல்லிஸ் மிடில்வெயிட், அதாவது 72.5 கிலோவுக்குள். அங்கேயே ரூபின் கார்ட்டரிடம் தோற்றார், ஜார்ஜ் பென்டனிடம் தோற்றார், டான் ஃபுல்மரிடம் தோற்றார். பிறகு அலியின் வாத்தியாரான ஏஞ்சலோ டண்டீக்குக் கடிதம் எழுதி, தன்னையும் சேர்த்துக்கொள்ளக் கேட்டார். அலிக்குப் பயிற்சிக் கூட்டாளியாக நின்று அடி வாங்கிக்கொண்டே உடம்பு ஏறி ஹெவிவெயிட் ஆனார். ஏறியும் 90 கிலோவைச் சுற்றித்தான் நின்றது.

தன் எடையிலேயே தோற்றவர் இரண்டு படி மேலே போய் ஜெயிக்கிறார். இதைப் போல் நடந்த கதை ரொம்பக் குறைவு.

*

1967 ஆகஸ்டிலிருந்து 1968 ஏப்ரல் வரை. என்னுடைய வழக்கு முழுவதும் இந்த ஒன்பது மாதத்தில் இருக்கிறது.

முதலில் லியோட்டிஸ் மார்ட்டின், ஒன்பதாவது ரவுண்டில் நிறுத்தம். இந்த மார்ட்டின்தான் 1969-இல் சோனி லிஸ்டனை நாக் அவுட் செய்தவர்.

அடுத்து அர்ஜென்டினாவின் ஆஸ்கார் போனவேனா. பாறை மாதிரி ஆள். எல்லிஸ் அவரை இரண்டு முறை தரையில் விழவைத்தார். ஃப்ரேசியர் இதே போனவேனாவோடு இரண்டு சண்டைகளில் மொத்தம் 25 ரவுண்டு ஆடியும் ஒருமுறைகூட விழவைக்க முடியவில்லை. மாமாவிடம் இதைச் சொன்னபோது டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நெசமாவா?" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் கொஞ்சம் அசைந்தது அப்போதுதான்.

கடைசியில் ஓக்லண்டில் ஜெர்ரி குவாரி, 15 ரவுண்டு. அழகான சண்டை இல்லை. குவாரி காத்திருந்தார், எல்லிஸும் அவசரப்படவில்லை. போட்டி தொடங்கியபோது எல்லிஸ் ஜெயிப்பார் என்று அதிகம் பேர் நினைத்திருக்கவில்லை என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

*

எங்கள் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டை எல்லாரும் குடவோலைத் தேர்தலுக்காகத்தான் பேசுகிறார்கள். முதலாம் பராந்தகன் காலத்தது, 919, 921. அதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. ஊர் வாரியத்துக்கு ஓலையில் பெயர் எழுதக் கால் வேலி நிலம் வேண்டும். ஆனால் ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்று எடுத்துச் சொல்லத் தெரிந்தவனுக்கு அரைக்கால் வேலி இருந்தாலே போதும். பாதி நிலம், மீதிக்குப் படிப்பு ஈடு. எல்லிஸ் அந்த அரைக்கால் வேலிக்காரர். மீதி எடைக்கு ஈடாக அவரிடம் இருந்தது காலும் கண்ணும் வலது கையும்.

*

என் கட்சியின் ஓட்டைகளையும் எழுதி வைக்க வேண்டும்.

பட்டம் வாங்கியபின் ஒரே ஒரு முறைதான் ஜெயித்துக் காப்பாற்றினார். 1968 செப்டம்பர், ஸ்டாக்ஹோம், எதிரே ஃப்ளாய்ட் பேட்டர்சன். மூக்கு உடைந்தும் எல்லிஸ் 15 ரவுண்டு நின்றார். நடுவர் ஒருவரே தீர்ப்பும் சொன்னார், எல்லிஸ் என்றார். அரங்கம் கூச்சல் போட்டது. பேட்டர்சன்தான் ஜெயித்தார் என்றவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

அதன்பின் ஒன்றரை வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக மேடையே ஏறவில்லை. பேசிய சண்டைகள் நடக்காமல் போயின. 1970 பிப்ரவரியில் ஃப்ரேசியர். நான்காவது ரவுண்டில் எல்லிஸ் இரண்டு முறை விழுந்தார், ஐந்தாவதுக்கு டண்டீ அனுப்பவில்லை. இங்கே உடம்பைச் சாக்காகச் சொல்ல எனக்கு மனம் வராது. ஃப்ரேசியர் எல்லிஸைவிடக் குள்ளம், எடையிலும் இரண்டு கிலோவுக்குள்தான் வித்தியாசம். அது சுத்தமான தோல்வி.

1971-இல் அலியோடு மோதியது வேறு கணக்கு. அலிக்கு ஏறத்தாழ 14 கிலோ கூடுதல். டண்டீ அன்று எல்லிஸ் மூலையில் நின்றார், அலியும் அதை ஒத்துக்கொண்டார். 12-வது ரவுண்டில் நிறுத்தினார்கள். 1973-இல் எர்னி ஷேவர்ஸிடம் முதல் ரவுண்டிலேயே வீழ்ச்சி. அதற்குச் சற்று முன்னால் எல்லிஸின் வலது கை ஷேவர்ஸைத் தள்ளாட வைத்திருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

*

ஹெவிவெயிட்டுக்கு ஒரு படி கீழே க்ரூஸர்வெயிட் என்ற பிரிவு 1979-80-இல்தான் பிறந்தது. எல்லிஸ் மெட்ராஸ் மேடையில் நின்ற அதே சமயம். அவர் ஓய்வு பெற்று ஐந்து வருஷம் ஆகியிருந்தது. பயிற்சியில் பட்ட அடியில் ஒரு கண் பார்வை போயிருந்தது. அந்தப் பிரிவு பத்து வருஷம் முன்னால் வந்திருந்தால் அவருடைய பெயர் எங்கே இருந்திருக்கும்? அதை வைத்து மதிப்பெண் போட முடியாது. ஆனால் 79 கிலோவைத் தாண்டினாலே ஹெவிவெயிட் என்றிருந்த காலத்தில் ஆடியவரை இன்றைய 110 கிலோ ஆட்களோடு ஒரே பட்டியலில் வரிசைப்படுத்துவது அநியாயம்.

*

"சார்பட்டா பரம்பரை" படம் வந்தபின் ஏரிக்கரைப் பையன்கள் டான்சிங் ரோஸின் ஆட்டத்தைத்தான் போட்டுப் பார்க்கிறார்கள். ரோஸை ஜெயித்த கபிலனை யாரும் நடித்துக் காட்டுவதில்லை. இவர்களிடம் போனவேனா சண்டையைப் போட்டுக் காட்ட வேண்டும்.

*

இப்போதைக்கு என் தீர்ப்பு: எல்லாக் காலத்து ஹெவிவெயிட்களில் முதல் இருபதில் இடம் கிடையாது. அந்த எட்டுப் பேரில் ஐயத்துக்கு இடமில்லாமல் முதலிடம். "அலியின் கூட்டாளி" என்ற ஒற்றை வரியில் அவரை முடிப்பவர்களோடு எனக்குச் சமரசம் இல்லை.

மாமா போனவேனாவை ஒத்துக்கொண்டார், பேட்டர்சனை ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்டாக்ஹோம் சண்டையை முழுசாகப் பார்த்து ரவுண்டுக்கு ரவுண்டு புள்ளி போடலாம் என்று பேசியிருக்கிறோம். ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்கக்கூடாது.