பாஸ்வேர்ட் இல்லாத பதினொரு கம்பியூட்டர்கள்



சனிக்கிழமைகளில் பிள்ளைகளை லெப்பில் வைத்து என்ன செய்கிறீர்கள் என்று பெற்றோர் சிலர் கேட்டார்கள். கேட்டது நியாயம்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறோம்.

எங்கள் லெப்பில் உயிரோடு இருக்கும் கம்பியூட்டர்கள் 11. எல்லாவற்றிலும் உபுண்டு 16.04. அதைப் போட்டுத் தந்தவர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார், அட்மின் பாஸ்வேர்டும் அவரோடு போய்விட்டது. உயர்தர ஐசிடி பாடத்தில் பைதன் இருக்கிறது. லெப்பில் இருந்ததோ 3.5. பிள்ளைகள் போனில் பழகிவிட்டு வந்து இங்கே அடித்தால் எஃப்-ஸ்ட்ரிங் வரும் வரியிலேயே 'சின்டாக்ஸ் எரர்'. அந்த வசதி 3.6இல்தான் வந்தது. தன்னில்தான் பிழை என்று நினைத்து ஒரு பிள்ளை மூன்று நாளாக அந்த ஒரே வரியை அழித்து அழித்து அடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். எங்களுக்குத் தெரிய வந்தது நாலாம் நாள். அது மனதை உறுத்திவிட்டது.

பாஸ்வேர்டை உடைக்கலாம் சேர் என்றான் ஒருவன். உடைக்கலாம்தான், வழி எங்களுக்கும் தெரியும். ஆனால் லெப் எங்கள் கையில் இருக்கும் அமானிதம். எழுத்தில் அனுமதி கேட்டுவிட்டு, பதில் வரும் வரைக்கும் பாஸ்வேர்ட் தேவைப்படாத வழி உண்டா என்று தேடினோம்.

அப்படிக் கிடைத்ததுதான் பக்கேஜ்சோர்ஸ். நெட்பிஎஸ்டிகாரர்கள் 1997இல் தொடங்கியது. நெட்பிஎஸ்டிக்கு மட்டுமல்ல, லினக்ஸ், மெக், சொலாரிஸ் என்று யுனிக்ஸ் சாயலில் உள்ள பலவற்றிலும் ஓடும். சொஃப்ட்வெயாரின் மூலநிரலை இறக்கி, நம் மெஷினிலேயே கட்டித் தரும். ஒன்றுக்கு இன்னொன்று தேவையென்றால் அதையும் தானே தேடிக் கட்டும். வருடத்துக்கு நாலு தடவை நிலையான பதிப்பு வருகிறது. எங்களுக்கு வேண்டிய விசயம் வேறு: சொந்த ஹோம் ஃபோல்டருக்குள்ளேயே எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள விடும். சிஸ்டத்தைத் தொடாது, அட்மினைக் கேட்காது.

செய்தது இவ்வளவுதான். தொகுப்பை இறக்கி விரித்து, அதற்குள் இருக்கும் பூட்ஸ்ட்ராப் ஸ்கிரிப்டை 'அன்பிரிவிலேஜ்ட்' என்ற தெரிவோடு ஓடவிட வேண்டும். சி கம்பைலர் அவசியம், அல்ஹம்துலில்லாஹ் எல்லா மெஷினிலும் இருந்தது. முடிந்ததும் ஹோமில் 'பிகேஜி' என்று ஒரு ஃபோல்டர் வரும். அதற்குள் உள்ள பின், எஸ்பின் இரண்டையும் பாத்தில் சேர்த்துவிட்டு, பைதன் 3.11 இருக்கும் ஃபோல்டருக்குப் போய் 'பிஎம்மேக் இன்ஸ்டோல் கிளீன்'.

முதல் நாள் நாங்கள் 'மேக்' என்று அடித்தோம். திரை முழுக்கப் பிழை. லினக்ஸில் உள்ள மேக்குக்கு இந்த ஃபைல்களின் பாஷை புரியாது, பூட்ஸ்ட்ராப் கட்டித் தரும் பிஎம்மேக்தான் வேண்டும் என்று விளங்க லுஹர் ஆகிவிட்டது. பிறகு டொங்கிள் சிக்னல் விழுந்து ஒரு ஃபைல் பாதியில் நின்றது. நல்லவேளை, ஒவ்வொரு ஃபைலையும் செக்சம் பார்த்துத்தான் உள்ளே எடுக்கிறது. குறை ஃபைலைத் திருப்பி அனுப்பிவிட்டது. அதை அழித்துவிட்டு மீண்டும் இறக்கினோம்.

பைதன் மட்டும் என்று நினைத்தோம், அது பேர்ளையும் ஓப்பன்எஸ்எஸ்எல்லையும் சேர்த்துக் கட்டத் தொடங்கியது. உபுண்டுவில் இருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் இதற்குப் பழசு. பழைய மெஷின், ஆமை வேகம். இடையில் ஒருமுறை கரண்டும் போனது. அஸருக்குப் போய் வந்தும் எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் வீட்டுக்குப் போக மனமில்லாமல் இருந்தார்கள்.

முடிந்தும் அதே சின்டாக்ஸ் எரர்! 'பைதன்3' என்று அடித்தால் பழசுதான் வரும். புதியது 'பைதன்3.11' என்ற முழுப் பெயரில்தான் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தது அந்த மூன்று நாள் பிள்ளை.

மற்றவற்றில் திரும்பக் கட்டவில்லை. அந்த பிகேஜி ஃபோல்டரை டார் பண்ணி பென் டிரைவில் கொண்டுபோய் விரித்தோம், எட்டு மெஷினில் உடனே ஓடியது. மிச்சம் இரண்டிலும் யூசர் பெயர் வேறு. கட்டும்போதே ஃபோல்டரின் முழு முகவரியும் உள்ளே பதிந்துவிடுவதால் இடம் மாறினால் சரிவராது. அந்த இரண்டிலும் முதலிலிருந்து கட்ட வேண்டும். மூலநிரல் ஃபைல்கள் கையில் இருப்பதால் டேட்டா செலவு மட்டும் மிச்சம்.

ஐடில் ஜன்னல் எங்கே என்று கேட்கும் பிள்ளைகளுக்கு: அது தனிப் பக்கேஜ், இன்னும் கட்டவில்லை. இப்போதைக்கு எடிட்டரில் எழுதி டெர்மினலில் ஓட்டுங்கள்.

மிச்சம் இரண்டும் இன்ஷா அல்லாஹ் வரும் சனிக்கிழமை. காலை 8 மணிக்கே தொடங்குவோம், பகல் சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்துவிடுங்கள். வீட்டில் சும்மா கிடக்கும் 8 ஜிபி பென் டிரைவ் இருந்தால் பிள்ளையிடம் கொடுத்து அனுப்புங்கள்.