கோயில் மதிலோரம் நான்கடி

மாநகராட்சியின் மண்டல அலுவலகம். காலை பத்தேகால். மாடி வராந்தாவில் ஒரு மர பெஞ்சு. அதில் பூக்காரம்மா, இளநீர்க்காரர், செருப்புத் தைக்கும் பெரியவர், இட்லிக்கடைப் பெண். நால்வர் மடியிலும் பிளாஸ்டிக் கவர். உள்ளே ஆதார், ரேஷன் அட்டை, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ்.

அறிவிப்புப் பலகையில் புதுத் தாள். பசை இன்னும் காயவில்லை. சாலையோர விற்பனைச் சான்றிதழில் கையொப்பமிடும் அதிகாரம் ஆணையரிடமிருந்து மண்டல உதவி ஆணையருக்கு மாறுகிறது. பெரியவர் எழுத்துக் கூட்டிப் படிக்கிறார். பெஞ்சுக்குத் திரும்புகிறார்.

"இனி பெரிய ஆபீசுக்குப் போக வேணாமாம்."

பெரிய ஆபீசுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். போய் வந்தால் ஒரு நாள் வியாபாரம் போச்சு. இட்லிக்கடைப் பெண் கவரை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார்.

உள்ளே எழுத்தரின் மேசை. பழுப்புக் கோப்புகள், சிவப்பு நாடா, வற்றிய ஸ்டாம்ப் பேட். மேலே கிடக்கும் கோப்பில் வரிசையாகச் சுருக்கொப்பங்கள். கடைசிக் கட்டம் மட்டும் காலி.

எழுத்தர் கணினியில் பெயர் தேடுகிறார். 2014-ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி எடுத்த கணக்கெடுப்புப் பட்டியல். ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது எடுக்க வேண்டிய பட்டியல். பூக்காரம்மாவின் பெயர் வருகிறது.

"கடை எங்கம்மா?"

"கோயில் மதிலோரம் சார். டிரான்ஸ்பார்மருக்கு இந்தப் பக்கம்."

"எத்தனை அடி?"

பூக்காரம்மா முழம் போடுகிறார். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை. மேசை விளிம்பில் இரண்டரை முழமும் கொஞ்சமும். எழுத்தர் நான்கடி என்று எழுதுகிறார்.

இளநீர்க்காரர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளைப் பிரிக்கிறார். மடிப்பில் கிழிந்த பறிமுதல் பட்டியல். வண்டி ஒன்று, அரிவாள் ஒன்று, இளநீர் ஒரு குலை. அழுகும் பொருளைக் கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும், மற்றதைக் கேட்ட இரண்டு வேலை நாளில் தர வேண்டும் என்பது சட்டம். தாளில் திருப்பித் தந்த தேதிக்கான இடம் வெறுமையாக இருக்கிறது.

சுவரில் நிபந்தனைகள். வேறு பிழைப்பு இருக்கக் கூடாது. இடத்தை வாடகைக்கு விடக் கூடாது. சான்றிதழ் பெற்றவர் இறந்தாலோ நோயில் படுத்தாலோ, அதன் காலம் முடியும்வரை கணவனோ மனைவியோ விற்கலாம். அடுத்தபடியாக, அவரை நம்பியிருக்கும் பிள்ளை விற்கலாம். இட்லிக்கடைப் பெண் இந்த வரியில் விரல் வைத்து இரண்டாம் முறை படிக்கிறார்.

பக்கத்தில் நகர விற்பனைக் குழுவின் பட்டியல். தலைவர் ஆணையர். உறுப்பினரில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அந்தக் குழு அப்படியே இருக்கிறது. கையொப்பம் மட்டும் இறங்கி வந்திருக்கிறது.

பதினொன்றரைக்கு உதவி ஆணையர் வருகிறார். நாற்காலியில் உட்காரவில்லை. முதல் கோப்போடு ஜன்னலுக்குப் போகிறார். எதிரே கோயில் மதில், டிரான்ஸ்பார்மர், தண்ணீர் தெளித்த சாக்கு, அதன் மேல் கவிழ்த்த கூடை. மதிலைப் பார்க்கிறார். கோப்பைப் பார்க்கிறார். நடைபாதையில் ஒரு அம்மா குழந்தையோடு கூடையைத் தாண்டி நடக்கிறார். வழி இருக்கிறது. பேனா மூடி திறக்கிறது.

இரண்டாவது கோப்பு இளநீர் வண்டி. மூன்றாவது செருப்புப் பெட்டி. இரண்டிலும் பச்சை மை.

நான்காவது கோப்பு இட்லிக்கடை. இடம், பள்ளி வாசல். அங்கே விற்பனைக்கு அனுமதி இல்லை. அவர் காரணத்தை எழுதுகிறார். மாற்று இடமாக ஒரு தெருவின் பெயரையும் எழுதுகிறார். மேல்முறையீடு செய்யலாம் என்று சொல்கிறார். இட்லிக்கடைப் பெண் தெருப் பெயரை உள்ளங்கையில் எழுதிக்கொள்கிறார்.

ரப்பர் ஸ்டாம்ப் விழுகிறது. பூக்காரம்மாவின் போட்டோ மேல் பாதி வட்டம். சான்றிதழை வாங்கி, ஈரம் காயும்வரை விரித்தே பிடிக்கிறார்.

சட்டத்தின் 29-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: இந்தச் சான்றிதழ் நிலத்தின் மேல் உரிமை ஆகாது. நான்கடியும் மாநகராட்சியின் நிலம். ஆனால் 30 நாள் நோட்டீஸ் தராமல் பூக்காரம்மாவை அங்கிருந்து எழுப்பச் சட்டத்தில் யாருக்கும் இடமில்லை.