பாப்பாவிடம் சொல்லிவிடு

செங்கம்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே அம்மா உடம்புக்கு ஒன்றுமில்லை, சோறுதான் சரியாக இறங்கவில்லை. அன்றைக்குப் போனில் மணி செத்துப்போனதைச் சொன்னபோது உன் குரல் அடைத்துக்கொண்டது. பாப்பாவும் பக்கத்தில் இருந்ததால் நானும் எதையும் விரிவாகச் சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஆடி முடிந்ததிலிருந்தே நம் நாய் மணி தண்ணீரை அதிகமாகக் குடித்தான். உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனான். கால்நடை மருத்துவமனையில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கிரியாட்டினின் நிறைய ஏறியிருக்கிறது, சிறுநீரகம் கெட்டுவிட்டது என்றார் டாக்டரம்மா. வயதான நாய்களுக்கு இது வருவதுதானாம். கெட்ட சிறுநீரகம் மறுபடி தேறாது, ட்ரிப்ஸ் ஏற்றினால் குமட்டல் கொஞ்சம் தணியும், அவ்வளவுதான் என்று மறைக்காமல் சொன்னார். மணிக்கு 13 வயது. நாட்டு நாய் அவ்வளவு காலம் இருந்ததே பெரிது என்றும் சொன்னார். ட்ரிப்ஸ் ஏறும்போதெல்லாம் அம்மாதான் அவன் முன்னங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசி நாள் மதியம், மாட்டுக் கொட்டகையில் அம்மா மடியில் தலை வைத்திருந்தபோது மூச்சு நின்றது. துடிக்கவில்லை. அப்பாவின் பழைய வேட்டியில் சுற்றி, உப்புப் போட்டு, கொல்லையில் கிணற்று மேட்டுக்குப் பக்கத்தில் புதைத்தோம். சாமந்தி மாலை அம்மா கட்டியது.

அந்தக் கொல்லையை அவன் காத்ததை நீ முழுதாகப் பார்த்ததில்லை. மல்லாட்டை காய் பிடிக்கும் நாட்களில் காட்டுப்பன்றி இறங்கும். அப்பா டார்ச்சோடு பரணில் இருப்பார், மணி வரப்பைச் சுற்றி வருவான். பன்றியைக் கண்டால் அவன் குரைப்பது ஒரு மாதிரி, ஆளைக் கண்டால் இன்னொரு மாதிரி. அப்பா அதைக் கேட்டே வந்திருப்பது எது என்று சொல்லிவிடுவார். அப்பா போன பிறகு அவன் கொல்லைக்குக் காவல் போவதை விட்டுவிட்டு, ராத்திரியில் அம்மாவின் அறை வாசலில் படுக்க ஆரம்பித்தான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அத்தனை பெரிய வீட்டில் அம்மா தனியாகத் தூங்கியதற்கு அவன்தான் காரணம்.

ஆபீசில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று முகத்தைக் கழுவிக்கொண்டு வந்ததாகச் சொன்னாய். ஒரு நாய்க்காகவா என்று கேட்பார்களே என்று கூசியிருக்கிறாய். நம் செங்கம் பக்கத்து எடத்தனூர் நடுகல்லை நினைத்துப் பார். மகேந்திரவர்மப் பல்லவன் காலத்துக் கல், 1,400 வருஷம் ஆகிறது. மாட்டு மந்தையைக் காக்கப் போராடிச் செத்த கருந்தேவக்கத்திக்கு அதை நட்டார்கள். அவன் பக்கத்திலேயே அவனுடைய நாயையும் செதுக்கினார்கள். கள்ளரைக் கடித்துக் காவல் நின்றதென்று எழுதி, கோவிவன் என்ற அதன் பெயரையும் பொறித்தார்கள். எத்தனையோ பெரிய மனிதர்களின் பெயர் அழிந்துபோன இந்த மண்ணில், அந்த நாயின் பெயர் இன்னும் இருக்கிறது. நாய்க்காக அழுவதில் வெட்கப்பட நம் ஊரில் ஒன்றுமில்லை தம்பி.

அதனால்தான், மணியை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம் என்று பாப்பாவிடம் சொல்லச் சொன்னாயே, அதற்கு எனக்கு மனம் வரவில்லை. அப்படிச் சொன்னால் நாம் அவனை விரட்டிவிட்டோம் என்றோ, அவனே நம்மை விட்டுப் போய்விட்டான் என்றோதான் அவள் நினைப்பாள். இரண்டும் மணிக்குச் செய்யும் அநியாயம். தூங்கிவிட்டான் என்றும் சொல்லாதே, ஆறு வயதுக் குழந்தை கண்ணை மூடவே பயப்படும். மணிக்கு வயதாகிவிட்டது, நோய் வந்தது, டாக்டர் மருந்து கொடுத்தும் சரியாகவில்லை, செத்துப்போய்விட்டான், இனி வரமாட்டான், அவனுக்கு இப்போது வலி இல்லை என்று சொல். கேள்வி கேட்டால் பதில் சொல். அழுதால் அழட்டும். உனக்கு அழுகை வந்தால் அவளுக்கு முன்னாலேயே அழு.

இன்னொன்றும் இருக்கிறது. இங்கே வந்தவர்கள் எல்லாரும் ஒரு நாள் விசாரித்தார்கள், அதோடு சரி. வேறு குட்டி வாங்கிக்கொள் என்று சிலர் சொல்லவும் செய்தார்கள். அம்மா யாரிடமும் மணியைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் வீடியோவில் வரும்போதெல்லாம் மணியைக் காட்டு என்று கேட்டது பாப்பா ஒருத்திதான். அவனை அம்மா அளவுக்கு நேசித்தவளும் அவள்தான். அவளுக்குத் தெரியக் கூடாது என்பதால் இப்போது அம்மா அவளிடமும் பேச முடியாமல் போனை என்னிடம் கொடுத்துவிடுகிறாள். நீ விஷயத்தைச் சொல்லிவிட்டு, அன்றைக்கே பாப்பாவை அம்மாவோடு பேச விடு. இரண்டு பேரும் அழுவார்கள். அழுது முடித்த பிறகு அம்மா அவளுக்குச் சொல்ல மணியின் கதைகள் நிறைய வைத்திருக்கிறாள்.

பொங்கலுக்கு வரும்போது எல்லாரும் எடத்தனூர் போய்வருவோம்.

அன்புடன்,
அக்கா