சேசிஸ் பிரிண்ட்

அப்பாவின் ரெக்சின் பையை நேற்று திறந்தேன். ஆர்.சி. புக்குக்குள் மடித்து வைத்த ஒரு துண்டுத் தாள். பென்சிலால் தேய்த்த கறுப்பு. கறுப்புக்குள் வெள்ளையாய் எழுந்து நிற்கும் எண்கள். எங்கள் ஆஸ்டின் ஏ40 காரின் சேசிஸ் பிரிண்ட்.

"துறைமுகத்துல பெட்டியா இறங்கி, எண்ணூர்ல காரா எழுந்த வண்டிடா இது" என்பார் அப்பா. 1948இல் ரகுநந்தன் சரண் தன் மகன் அசோக்கின் பெயரில் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், இங்கிலாந்திலிருந்து பாகங்களைத் தருவித்து எண்ணூரில் ஏ40 கார்களைப் பூட்டியது. 1955இல் அது அசோக் லேலண்ட் ஆனது. பஸ்ஸும் லாரியுமே அதன் அடையாளமாகிவிட்டன. எண்ணூரில் கார் பூட்டினார்கள் என்றால் இன்றைய பிள்ளைகள் நம்பாமல் பார்க்கிறார்கள்.

திருவொற்றியூரில் எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். உப்புக்காற்று இரும்பை விடாது. ஐப்பசி மழைக்கு முன் அப்பா சாக்கை விரித்துக் காருக்கு அடியில் படுத்து, வேஸ்ட் ஆயிலைத் துணியில் தோய்த்து அடித்தகடு முழுக்கத் தடவுவார். டார்ச் பிடிப்பது என் வேலை. அந்த வாடை தீபாவளி எண்ணெய்க் குளியல் வரை அவர் கையை விட்டுப் போகாது.

ஒரு கோடையில் 1200 சிசி இஞ்சின் நின்றேவிட்டது. பிஸ்டன், ரிங் எதுவும் கிடைக்கவில்லை. புதுப்பேட்டையில் அலைந்து, அம்பாசடரின் 1489 சிசி இஞ்சினைப் பிடித்தார் அப்பா. "வேற ஆளு இல்ல சார், பங்காளிதான்" என்றார் மெக்கானிக் பாய். ஏ40 இஞ்சினிலிருந்து வளர்ந்த வம்சம்தான் அது. ஆனாலும் மவுண்ட்டிங்கை வெட்டி வெல்டு வைக்க வேண்டியிருந்தது. வேலை தொடங்கும் முன்பே ஆர்டிஓ ஆபீசில் மனு கொடுத்திருந்தார். வண்டி ஓடியதும் மறுபடி லீவு போட்டுப் போய், புது இஞ்சின் நம்பரை ஏற்றிவிட்டு வந்தார். "வண்டிய மாத்துனா புக்கையும் மாத்தணும். இல்லன்னா அது நம்ம வண்டி இல்ல."

அந்தப் பேச்சின் எடை, அப்பா போய்ப் பல ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். தண்ணீர் கார் கதவு வரை ஏறியது. கையில் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும். சட்டம் கட்டாயமாக்கியது அதைத்தான். நம் வண்டியால் அடிபட்டவருக்கு உதவும், நம் வண்டிக்கு உதவாது.

முழு இன்சூரன்ஸ் தேடி அலைந்தேன். ஏஜெண்டுகளின் கம்ப்யூட்டரில் இந்த மாடலே இல்லை. புதுக் காருக்குத் தேய்மானம் கழித்து ஐடிவி, அதாவது இன்சூரன்ஸ் மதிப்பு, போட அட்டவணை உண்டு. ஐந்து ஆண்டு தாண்டினால் கம்பெனியும் நாமும் பேசித்தான் முடிக்க வேண்டும். விண்டேஜ் வழியும் அடைபட்டிருந்தது. 2021இல் வந்த மத்திய விதி, ஐம்பது ஆண்டு கடந்த வண்டிக்கு ‘விஏ’ நம்பர் தருகிறது. ஆனால் சேசிஸ், பாடி, இஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. எங்கள் காரோ ஓடுவதற்காகவே மாறியது.

"இஞ்சின் மாத்துனத எழுதாம விட்ரலாம் சார், யாரு பாக்கப் போறா" என்றார் ஒருவர். க்ளெய்ம் போடும் அன்று பார்ப்பார்கள். எழுந்து வந்துவிட்டேன்.

பாரிமுனையில் ஒரு அலுவலகம். வயதான அதிகாரி ஆர்.சி. புக்கைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, அப்பா ஏற்றி வைத்த அந்த வரியில் விரலை வைத்தார். "இது இருக்குல்ல. இனிமே விலைதான் பேசணும்." மதிப்பீட்டாளர் சான்று, வேலை பார்த்த பில்கள், நாலு பக்கப் போட்டோ எல்லாம் கொடுத்தேன். பேசி முடித்தோம்.

பாலிசிக்கு முன் வண்டியைப் பார்க்க ஒரு சர்வேயர் வந்தார், இளம் பையன். எண் இருக்கும் இடத்தைத் துணியால் துடைத்து, தாளை அழுத்திப் பென்சிலால் தேய்த்தார். நான் டார்ச் பிடித்தேன். இரண்டு பிரிண்ட் எடுக்கச் சொல்லி ஒன்றை வாங்கிக்கொண்டேன்.

அதை அப்பாவின் தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். அதே எண்கள். கடைசி எண்ணின் வால் மட்டும் புதுத் தாளில் மங்கியிருக்கிறது. துரு அங்கே வந்துவிட்டது. இரண்டையும் சேர்த்து மடித்து ஆர்.சி. புக்கில் வைத்தேன். ஐப்பசி பிறக்க இன்னும் பத்து நாள். வேஸ்ட் ஆயிலுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.